பாட்டு முடிந்த இடம்

லாபிர் நானாவின் லவுட்ஸ்பீக்கர் கடையில் இசைத்தட்டுகளைத் துடைப்பது மேபலின் வேலை. வாடகைக்குப் போன பெட்டி திரும்பி வந்ததும், தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சவர்க்கார நீரில் நனைத்த பழைய சாரத் துண்டால் வட்டமாகத் துடைத்து, சன்னலோரம் சாய்த்து வைத்துக் காயவிட வேண்டும். கலியாண வீட்டுத் தட்டுகளில் சந்தனமும் எண்ணெய் விரல்களும் ஒட்டியிருக்கும். கோயில் தட்டுகளில் திருநீறு இருக்கும். இராணுவ முகாமிலிருந்து வரும் தட்டுகள் மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

இசைத்தட்டில் கடைசிப் பாட்டின் கோடு முடிந்து, நடுவில் ஒட்டிய வட்டத் தாள் தொடங்குவதற்கு முன், இரண்டு விரல்கூட அகலமில்லாத வெறும் இடம் ஒன்று உண்டு. ஊசி அங்கே போனால் பாட்டு வராது, இரைச்சல்தான் வரும். கண்டியிலும் கம்பளையிலும் உள்ள லவுட்ஸ்பீக்கர் கடைக்காரர்கள் அந்த இடத்தில்தான் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பார்கள். ஒரே திருவிழாவுக்கு மூன்று கடைகளின் பெட்டிகள் போகும், தட்டுகள் கலந்துவிடும். உறையில் எழுதினால் உறை மாறிவிடும். தாளில் எழுதினால் அழிந்துவிடும். கீறல் நிற்கும். லாபிர் நானாவின் அடையாளம் ‘லா’ என்ற எழுத்தும் ஓர் இலக்கமும். தட்டு கைமாறினால், பழைய அடையாளத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் புதியவர் தன்னுடையதைக் கீறிக்கொள்வார்.

ஒன்பது வருடங்களாகக் கடையில் அந்தக் கீறல்களைப் போட்டு வந்தவன் மேபலின் கணவன் பற்றிக். விழாக்களில் செட்டுப் போடுபவனும் அவன்தான், ஆம்ப்ளிஃபயர் திருத்துபவனும் அவன்தான். 1985 ஒக்டோபரில் பிலிமத்தலாவையில் ஒரு கடைத் திறப்பு விழா முடிந்து, சாமான்களை வேனில் ஏற்றி நானாவுடன் அனுப்பினான். வேனில் அவனுக்கு இடமிருக்கவில்லை. பஸ்ஸில் வருவதாகச் சொன்னான். தோள்பையில் வயர்ச் சுருள், நான்கு பற்றரி, இரண்டு கண்டன்சர், ஈயம் ஒட்டும் இரும்பு. வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்துப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். மற்றவர்களைத் திரும்ப ஏறச் சொன்னார்கள். பற்றிக்கை ஏற விடவில்லை. இவ்வளவும் கொண்டக்டர் சொன்னது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ஆளில்லை.

மேபல் போகாத இடமில்லை. எங்கேயும் ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டினார்கள், அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். நகருக்கு மேலே மலையில் இருந்த முகாமின் வாசலிலும் அதையேதான் சொன்னார்கள். நவம்பரில் லாபிர் நானா அவளைக் கடைக்கு அழைத்தார். பற்றிக் வரும் வரைக்கும் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பாதி இரக்கம். மீதி, அந்த வெறும் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு அவரால் தனியே இருக்க முடியவில்லை.

டிசம்பரில் முகாமிலிருந்து ஜீப் வரத் தொடங்கியது. அங்கிருந்த பெரிய அதிகாரிக்குப் பழைய சிங்களப் பாட்டுகளில் பிரியம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு கோப்ரல் வந்து இருபது தட்டுகளும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் எடுத்துப் போவான், திங்கட்கிழமை கொண்டு வருவான். இல்லை என்று சொல்ல நானாவால் முடியாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும் முடியாது.

ஜனவரி மாதம், மூன்றாவது திங்கள். மேபல் ஒரு தட்டைத் துடைத்துச் சன்னல் பக்கம் திருப்பினாள். நேராகப் பிடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. சாய்த்தபோது வெளிச்சம் கீறலில் விழுந்தது. ‘லா 112’ என்ற அடையாளத்துக்குப் பக்கத்தில், வட்டத்தோடு வளைந்து, அரிசியளவு எழுத்துகள் இருந்தன.

மேபல் இருக்கேன் ப

அவள் அதைக் கீழே வைத்தாள். மீதியிருந்த பதினான்கு தட்டுகளையும் வழக்கம்போல் துடைத்தாள். ஒன்றைக்கூட அவசரமாகத் துடைக்கவில்லை. பிறகு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு நானாவிடம் போனாள்.

லாபிர் நானா ஊசி பார்க்கும் கண்ணாடியை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். முகாமிலிருந்து முதல் தடவை வந்த ஆம்ப்ளிஃபயரில் விட்டுப்போயிருந்த ஓர் இணைப்பை யாரோ சீராக ஈயம் வைத்து ஒட்டியிருந்ததும், அங்கே நல்ல கைகாரன் ஒருவன் இருக்கிறான் என்று தான் நினைத்ததும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

“இத நீ பாக்கல்ல புள்ள. நானும் பாக்கல்ல,” என்றார். தட்டை உறையில் போட்டுக் கொடுத்து, “அவன்ட கைதான்,” என்றார்.

அதன் பிறகு மேபலின் வாரம் திங்களில் தொடங்கித் திங்களில் முடிந்தது. எல்லா வாரமும் செய்தி வராது. வந்தாலும் ஒரு தட்டில், சில எழுத்துகள்தான். செட்டை ஓட்ட அவனைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒரு பைலாப் பாட்டுத் தட்டில் ‘ஆம்ப் என்னய விட சுகம்’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘கால் வீக்கம், பயப்படாத’. அவளும் எழுதினாள். தேய்ந்த ஊசி ஒன்றைத் தீக்குச்சியில் நூலால் கட்டி வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் பதினைந்து எழுத்துகளுக்கு மேல் போட்டால் பார்ப்பவர் கண்ணில் படும். கேட்க எவ்வளவோ இருந்தது. கை ஊசியைப் பிடித்ததும் ஒன்றும் வரவில்லை. ‘சாப்பாடு?’ என்று மட்டும் கீறினாள். அந்தத் தட்டு மறுபடி முகாமுக்குப் போய் வர மூன்று வாரமாயிற்று. பக்கத்தில் ஒரே சொல் இருந்தது: ‘பருப்பு’. மேபல் சிரித்துவிட்டாள். நானா திரும்பிப் பார்த்தார்.

மார்ச்சில் வந்த செய்தி இது: ‘கேட்டு வராத. கேட்டா இங்க அடி.’

அவள் அதற்குக் கீழ்ப்படிந்தாள். முகாம் வாசலுக்குப் போவதை நிறுத்தினாள். மாதா கோயில் சுவாமியார் ஒரு வழக்கறிஞருக்குக் கடிதம் தருவதாகச் சொன்னபோது, இப்போது வேண்டாம் என்றாள். பற்றிக்கின் அக்கா சூசையம்மா கம்பளையிலிருந்து வந்து, இறந்தவர்களுக்கான பூசையில் தம்பியின் பெயரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாள். மேபல் பூசைக்கு முன்னே ஓடிப்போய் அந்தப் பெயரை வெட்டுவித்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

“பூசையும் வேணாங்கிற, தேடவும் மாட்டேங்கிற,” என்றாள் சூசையம்மா, கோயில் படியில் வைத்து, நாலு பேர் கேட்க. “ஓங் கண்ணுல தண்ணியக் காணோமே. அவன் போனது ஒனக்கு வசதியாப் போச்சு போல.”

மேபல் படியிறங்கி நடந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அது கம்பளை சந்தை வரைக்கும் போகும்.

ஏப்ரலில் இருந்து பற்றிக் வேறு பெயர்களை எழுதத் தொடங்கினான். தன்னைப் பற்றி எழுதுவது குறைந்தது. பெயர், ஊர், வயது, ‘இருக்கான்’. வெளியே ஓர் ஆளுக்காவது தெரிந்திருக்கட்டும் என்று நினைத்திருப்பான். மேபல் அவற்றைத் தாளில் எழுதவில்லை. பாடம்போல் மனதில் வைத்துக்கொண்டாள். மே பத்தொன்பதாம் திகதி, திங்கட்கிழமை, வந்த பெயர்: ‘காளிமுத்து புசல் 22 இருக்கான்’.

புதன்கிழமை, புசல்லாவைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வீரய்யா என்பவர் செட்டுப் பதிய வந்தார். ஐம்பது வயதிருக்கும். மழைக்குச் சாக்குத் தாள் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கருமாதி, காலையிலிருந்து சாமிப் பாட்டுப் போட வேண்டும் என்றார். தோட்டத்தில் செட்டு இல்லாமல் கருமாதி கிடையாது. மலைக்கு அந்தப் பக்கத்து லய வீடுகளுக்கும் அதைக் கேட்டுத்தான் தெரியும். பாட்டுக்கு முன்னால் இறந்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். அதனால் பதிவுப் புத்தகத்தில் பெயருக்கு ஒரு கோடு உண்டு.

“யார் பேர் போடணும்?” என்று மேபல் கேட்டாள்.

“காளிமுத்து. என் தங்கச்சி ரத்தினம்மா மகன். இருபத்திரெண்டு வயசு.”

பேனா தாளில் நின்றது. வீரய்யா சொல்லிக்கொண்டிருந்தார். பெப்ரவரியில் லயத்துக்கு வந்து பிடித்துப் போனார்கள். சித்திரையில் ஒருவர் வந்து ஒரு சட்டையைக் கொடுத்து, பையன் தப்பி ஓடி மகாவலியில் குதித்துவிட்டான் என்றார். சட்டை அவனுடையதுதான். உடம்பு கிடைக்கவில்லை. ஒரு மாதம் பார்த்தார்கள். உடம்பு இல்லாமல் எப்படிக் கொள்ளி வைப்பது என்று பூசாரியைக் கேட்டதற்கு, வைக்கோலில் ஆள் செய்து சட்டையைப் போட்டுக் கொளுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்.

மேபல் பெயரை எழுதினாள். நேரம் எழுதினாள். வீரய்யா போன பிறகு நானாவிடம் சொன்னாள்.

“உசிரோட இருக்கிற புள்ளைக்குக் கொள்ளி வைக்கப் போறாங்க நானா.”

“வைக்கட்டும். அது வைக்கோல்,” என்றார் அவர். “நீ வாயத் தொறந்தா எரியிறது மனுஷன். ஒண்டில்ல, ரெண்டு.”

அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. வைக்கோல் எரிவதால் முகாமுக்குள் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகாது. அவள் வேதக்காரி, கருமாதியில் அவளுக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் கோயிலில் பற்றிக்கின் பெயரை வெட்டுவித்த அன்று, அந்தத் தாளைக் கையில் வைத்திருந்த கணத்தை அவள் மறக்கவில்லை. இந்த அம்மாவுக்கு வெட்டுவிக்கவும் ஆளில்லை. வெள்ளிக்கிழமை காலை, தலைவலி என்று சொல்லிவிட்டு, மேபல் புசல்லாவைக்கு பஸ் ஏறினாள்.

கொழுந்து நிறுக்கும் நேரம். ரத்தினம்மா வரிசையிலிருந்து வெளியே வந்தாள். மெலிந்த பெண், நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம். மேபல் அவளைத் தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் கொஞ்ச தூரம் அழைத்துப் போனாள்.

“ஞாயித்துக்கெழம செய்யாதீங்கம்மா.”

“நீங்க யாரும்மா?”

“கண்டியில லவுட்ஸ்பீக்கர் கடையில வேல செய்றேன்.”

“செட்டு இல்லன்னு சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க?”

“ஒங்க மகன் இருக்காரு.”

ரத்தினம்மா கூடையை இறக்கி வைத்தாள். அழவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. “சாப்புடுறானாமா?” என்று கேட்டாள்.

மேபலுக்குத் தெரிந்தது ஒன்றுதான். “பருப்பு தாராங்களாம்,” என்றாள்.

“அவனுக்குப் பருப்பு புடிக்காதே,” என்றாள் ரத்தினம்மா. அதன் பிறகுதான் அழுதாள்.

தன் கணவனும் உள்ளேதான் இருக்கிறான் என்றும், அவன் வழியாகத்தான் தெரிய வந்தது என்றும் மேபல் சொன்னாள். எந்த வழி என்று சொல்லவில்லை. இது வெளியே போனால் இருவருமே இருக்க மாட்டார்கள் என்றாள். ரத்தினம்மா மாரியம்மன் மேல் ஆணையிட்டாள். நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன் என்றாள்.

அந்த ஆணையை அவள் காப்பாற்றினாள். தன் அண்ணனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கருமாதியை நிறுத்திவிட்டாள். அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பாதையில் நின்ற இரண்டு பெண்களும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று தோட்டங்களிலிருந்து சொந்தங்கள் வந்துவிட்டன. இரவல் வாங்கிய பெரிய சட்டிகள் அடுப்பில் இருந்தன. வைக்கோல் ஆள், சட்டை போட்டு, லயத்துக் கோடியில் படுத்திருந்தது. செட்டு வேன் வரவில்லை. அது வேண்டாம் என்று ரத்தினம்மா சனிக்கிழமையே கண்டிக்கு ஆள் அனுப்பியிருந்தாள். காரணம் கேட்டவர்களிடம், எனக்குக் காய்ச்சல் என்றாள். காய்ச்சல்காரி காலையில் குளித்துத் தலைசீவி இருந்தாள். வீரய்யா கத்தினார். சொந்தங்களை எப்படிச் சாப்பாடு போடாமல் அனுப்புவது, ஊர் என்ன நினைக்கும், செத்தவனுக்கு வழி வேண்டாமா என்றார். அவள் லயத்துக் கோடிக்குப் போனாள். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டாள். வைக்கோல் ஆளைப் பிரித்து, கையும் காலும் தலையுமாக, மாட்டுக்குப் போட்டாள். மாடு தின்றது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இறந்தவனுடைய தாய் அப்படிச் செய்ய மாட்டாள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அன்று பின்னேரத்துக்குள் காளிமுத்து உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி புசல்லாவைக் கடைவீதிக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் ரத்தினம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப் போய், திருச்செல்வம் என்ற வழக்கறிஞரின் முன்னால் உட்கார வைத்தார். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, கனவில் வந்தான் என்றாள். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. அவர் கண்டி வட்டாரத்தில் ஆட்களை அடைத்து வைத்திருக்கும் இடங்கள் அத்தனையின் பெயரையும் போட்டு, காளிமுத்துவைக் கொண்டுவரக் கேட்டு மனுப் போட்டார்.

மேபலுக்கு இது கடையில் வைத்துத்தான் தெரிந்தது. கருமாதி நின்ற கதையை வாடிக்கையாளர்கள் வேடிக்கையாகச் சொன்னார்கள். நானா அவள் முகத்தைப் பார்த்தார். தலைவலி என்று போன நாள் எது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோப்ரல் வந்தான். பெட்டியை எடுத்ததும் போகவில்லை. ஒரு தட்டை உருவி, வாசலுக்குப் போய், வெயிலில் சாய்த்துப் பார்த்தான். இது என்ன எழுத்து என்று சிங்களத்தில் கேட்டான். கடை அடையாளம் என்றார் நானா. யார் போடுவது என்று கேட்டான். நான்தான் என்றார். போட்டுக் காட்டு என்றான். நானா ஒரு தட்டை எடுத்து ஊசியால் ‘லா’ என்று கீறினார். ஒன்பது வருடமாக அவர் அதைச் செய்ததில்லை. கோடு வழுக்கி வெளியே போயிற்று. கோப்ரல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பெட்டியோடு போனான்.

“எல்லாத்தையும் அழிச்சிரு புள்ள,” என்றார் நானா. கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “திரும்பி வந்து தேடினா அவன உசிரோட வைக்க மாட்டாங்க.”

அலுமாரியில் செய்தி உள்ள தட்டுகள் பதினேழு இருந்தன. எவை என்று மேபலுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. உப்புத்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்துக்கொண்டாள். நானா உதவ வந்தார், வேண்டாம் என்றாள். கடைசிப் பாட்டில் படாமல், நடுத் தாளில் படாமல், பெருவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும். எழுத்து உடனே போகாது. முதலில் மங்கும். பிறகு மெய்யெழுத்துகளின் புள்ளிகள் போகும். புள்ளியில்தான் ஊசி ஆழமாக இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள், ஆனால் பற்றிக்கின் கையில் வளைவுகள்தான் ஆழம். ‘இருக்கேன்’ என்பதில் ‘இ’ கடைசி வரைக்கும் நின்றது. கறுப்புத் தூள் விரல் ரேகையெல்லாம் ஏறியது. காளிமுத்துவின் தட்டு எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்தது. அவள் அதில் நிறுத்தவில்லை. பகல் ஒரு மணிக்குள் பதினேழு தட்டுகளிலும் அந்த இடம் சாம்பல் நிறமாக, மழமழவென்று ஆகிவிட்டது. அதற்கு மேல் ‘லா’வையும் இலக்கத்தையும் புதிதாகக் கீறினாள்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. இருபது தட்டுகளையும் இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கொண்டுவந்தவன் வேறு ஆள். அதற்கடுத்த வெள்ளி ஜீப் வரவில்லை. முகாமில் கசெட் செட் வாங்கிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

ஜூலையில் காளிமுத்துவை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி கிடைத்த அன்றே மேபல் திருச்செல்வத்தின் அலுவலகத்துக்குப் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர். கதிரையைக் காட்டிவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. மே மாதம் வரைக்கும் பற்றிக் முகாமில் இருந்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று பிறகு கேட்டார். அவள் தட்டுகளைப் பற்றிச் சொன்னாள்.

“கீறல் எப்ப போட்டது எண்டு ஆரும் சொல்லேலாது,” என்றார் அவர். “ஒன்பது வருசமா அவர் கீறினவர்தானே. முந்திப் போட்டது எண்டு சொல்லுவினம்.” பிறகு நிமிர்ந்தார். “காளிமுத்துவின்ட பேரும் அவற்ற கையெழுத்தில இருந்ததெண்டு சொன்னீர். உம்மட மனுசன் பிடிபட்டது ஒக்டோபர். பெடியன் பிடிபட்டது பெப்ரவரி. வெளியில ரெண்டு பேருக்கும் பழக்கமில்லை. அப்ப அந்தப் பேரை அவர் உள்ளுக்க இருந்துதான் எழுதியிருக்க வேணும். அத்தாட்சிக்கு அது ஒண்டே காணும். அந்தத் தட்டு எங்கை?”

மேபல் தன் பெருவிரலைப் பார்த்தாள். “அழிச்சிட்டேன்,” என்றாள்.

அவர் பேனாவை மூடினார். மின்விசிறியின் கீழே தாள்கள் படபடத்தன. கடைசியில், அப்படியென்றால் காளிமுத்து வந்து சொன்னால்தான் உண்டு என்றார்.

மேபல் மறுபடியும் புசல்லாவைக்குப் போனாள். லயத்து அறையில் காளிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ரத்தினம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் கோப்பையை விரல்களால் பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுகளுக்கும் இடையில் வைத்துத் தூக்கினான்.

பற்றிக் அண்ணன்தான் தனக்குச் சோறு ஊட்டியவர் என்றான். மனு வந்த கிழமையில் நடந்ததையும் அவனாகவே சொன்னான். அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் வெளியாட்கள் கேட்டு வந்த கைதிகளின் பெயர்கள் ஒரு தாளில் இருந்தன. தாய் கேட்டது, மனைவி கேட்டது, சங்கம் கேட்டது. அந்தப் பெயர்களை வாசித்து, அவர்களை ஒரு பக்கமாக உட்கார வைத்தார்கள். மற்றவர்களை, பகல் வேளையில், ஒரு லொறியில் ஏற்றினார்கள். பற்றிக்கின் பெயர் வாசிக்கப்படவில்லை.

“அண்ணன் லொறில ஏறுறவங்களத்தான் விடப்போறாங்கன்னு நெனச்சாருக்கா,” என்றான் காளிமுத்து. “எனக்குத் தைரியம் சொல்லிட்டு ஏறுனாரு. வெளிய போனதும் ஒங்கம்மாவப் பாத்துச் சொல்றேன்டான்னாரு.”

மேபல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதம் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததும், சுவாமியாரின் கடிதத்தை வேண்டாம் என்றதும், வாசலுக்குப் போகாமல் இருந்ததும் எல்லாம் அந்தத் தாளில் ஒரு பெயர் இல்லாமல் போவதற்காக என்று ஆகிவிட்டது. அடி விழுந்தாலும் தாளில் பெயர் விழுந்திருக்கும்.

“லாயரய்யா என்னய வரச் சொன்னாராக்கா?” என்று அவன் கேட்டான். “யாரையும் பாக்கலன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் விட்டாங்க. பரவால்ல. வந்து சொல்றேன்.”

ரத்தினம்மா அடுப்புக்கு முன்னால் நின்றாள். இந்தத் தடவை அவள் ஆணையிடவில்லை, கெஞ்சவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கையிலிருந்த அகப்பை சட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

“சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன் தம்பி,” என்றாள் மேபல். “லாயர் ஒண்ணும் கேக்கல.”

தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தாள். பாதை இறங்கும் வரை ரத்தினம்மா கூட வந்தாள். பஸ் வந்தபோது ரத்தினம்மா மேபலின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, திருச்செல்வத்தின் அலுவலகத்தில் தட்டச்சுக்காரப் பெண் கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். முழுப் பெயர், வயது, தொழில். காளிமுத்து வருவானா என்று வழக்கறிஞர் கேட்டபோது, அவனுக்குச் சுகமில்லை என்று மேபல் சொன்னாள். அவர் வற்புறுத்தவில்லை. என்றாலும் மனுப் போடுவோம் பிள்ளை, கேட்டதாக ஒரு தாள் இருக்கட்டும் என்றார்.

கணவர் இருந்ததாகக் கடைசியாக அறிந்த திகதி என்று தட்டச்சுக்காரப் பெண் கேட்டாள். விரல்கள் இயந்திரத்தின் மேல் காத்திருந்தன.

மே என்று சொன்னால், எப்படித் தெரியும் என்ற கேள்வி காளிமுத்துவிடம் போய் நிற்கும். மேபல் பஸ்ஸிலிருந்து அவனை இறக்கிய திகதியைச் சொன்னாள். 1985 ஒக்டோபர் பன்னிரண்டு.

தாளை உருவி அவளிடம் நீட்டினார்கள். ஜனவரியிலிருந்து மே வரை அவன் உயிரோடு இருந்த நாட்கள் அதில் இல்லை. மேபல் மெதுவாக வாசித்துப் பார்த்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.